சலேத்தை ஜப்பான்காரி என்று எழுதிய நாள்

அயல்நாட்டார் பதிவு முழுவதும் இப்போது கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது. பழைய பதிவேடுகளை மூட்டை கட்டுவதற்கு முன்னால், புதிதாக வேலையில் சேர்ந்த ஒரு பெண் அதிகாரி என் வீட்டுக்கு வந்து, அவற்றில் இருக்கும் சுருக்கெழுத்துகளுக்கெல்லாம் பொருள் கேட்டுக் குறித்துக்கொண்டு போனார். கிளம்புகிற நேரத்தில், "சார், நீங்க எழுதுனதுலயே கஷ்டமான பதிவு எது?" என்று கேட்டார். ஏதோ இரண்டு வார்த்தை சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் போன பிறகு, அது பாதிப் பதில் என்று தோன்றியது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

நான் மாப்பிள்ளையூரணிக்காரன். போர் தொடங்கிய 1939ஆம் வருஷம் போலீஸ் இலாகாவில் எழுத்தராகச் சேர்ந்தேன். அந்த வருஷம்தான் அயல்நாட்டார் பதிவுச் சட்டமும் வந்தது. பயிற்சி என்று பெரிதாக எதுவும் இல்லை. மூன்று மாதம் பாளையங்கோட்டையில் மனுக்களைப் பிரதி எடுத்தேன். கையெழுத்து நன்றாக இருந்ததால் தூத்துக்குடிக்கு மாற்றிப் பதிவேட்டைக் கையில் கொடுத்தார்கள். கப்பலில் வந்து இறங்குகிறவர்கள், பாதிரிமார்கள், பஞ்சு கம்பெனித் துரைகள் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். பெயர், பிறந்த நாடு, தொழில், முகவரி, மனைவி, மக்கள் என்று கட்டங்கள். எழுதுகிற வேலை எளிது. அதற்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார் என்பது மட்டும் எனக்கு அப்போது தெரியாது.

எனக்கு மேலே இருந்தவர் இன்ஸ்பெக்டர் நம்பி. ஆழ்வார்திருநகரி. சிவந்த ஒல்லி உடம்பு, தாழ்ந்த குரல். யாரையும் நிற்க வைத்து விசாரிக்க மாட்டார். "உக்காரும்வே, நின்னா பொய்தான் வரும்" என்பார். அவர் எனக்குக் கற்றுக்கொடுத்த முறை ஒன்று உண்டு. வாக்குமூலத்தை முதலில் பென்சிலில் எழுத வேண்டும். பேசுகிறவர் விக்கினால் விக்கினார் என்றும், சிரித்தால் சிரித்தார் என்றும் எழுத வேண்டும். பிறகு அதை அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அவர் 'சரி' என்ற பிறகுதான் அதன்மேல் மை. "மனுஷன் முதல்ல சொல்லுதது வேற, தான் சொன்னத மறுபடி கேக்கயில சொல்லுதது வேற. ரெண்டாவதுதான் அவன் வாக்கு" என்பது அவர் கட்சி. சட்டப் புத்தகத்தில் அப்படி எதுவும் இல்லை. நான் பிற்பாடு தேடிப் பார்த்திருக்கிறேன்.

என் பதிவேட்டில் ஜப்பானியர் மூன்று பேர் இருந்தார்கள். மூவரும் முயல்தீவில் குடியிருந்தவர்கள். இன்றைக்குத் தீவுக்குச் சாலை வழியாகவே போய்விடலாம். அன்று தோணி ஏற வேண்டும். தோல் உடுப்பும் செம்புத் தலைக்கூடும் மாட்டிக்கொண்டு ஆழத்தில் இறங்கும் வேலைக்காக, ஊர் வியாபாரி ஒருவர் கொழும்பிலிருந்து அவர்களைக் கூட்டிவந்திருந்தார். நம் துறைமுகத்தில் கப்பல் கரைக்கு வராத காலம் அது. நடுக்கடலில் நங்கூரம் போடும். தோணிகள் போய்ச் சரக்கை ஏற்றி இறக்கும். கடலில் தவறுகிற நங்கூரம், சங்கிலி, இரும்புப் பெட்டி எல்லாவற்றையும் எடுத்துத் தருவது இவர்கள் வேலை. இறங்குகிறவர் இசாமு, முப்பது வயது. மேலே படகில் காற்றுப் பம்பைச் சுற்றுகிறவர்கள் இருவர்: கிழவர் தனாபே, தச்சர் ஒக்காதா. மூவரும் கடற்கரைத் தமிழ் பேசுவார்கள். சந்தையில் விலை கேட்கும்போது முகத்தைப் பார்க்காவிட்டால் வெளியூர்க்காரர் என்று தெரியாது.

இசாமுவின் பக்கத்தில் மனைவி என்ற கட்டம் காலியாக இருந்தது. நான் எழுதியபோது அவருக்கு மணமாகவில்லை. மறுவருஷம் ஈஸ்டர் கழிந்து, ஞானஸ்நானம் பெற்று, எங்கள் ஊர்ப் பரதவர் வீட்டுப் பெண் சலேத்தைக் கோயிலில் வைத்துக் கல்யாணம் செய்துகொண்டார். அதை எங்கள் ஆபீசில் வந்து சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. ஊருக்கே தெரிந்த கல்யாணம் எங்கள் புத்தகத்துக்கு மட்டும் தெரியாமல் இருந்தது.

1941 டிசம்பர் 8, திங்கட்கிழமை. தமிழுக்கு விஷு வருஷம் கார்த்திகை. ஜப்பான் போரில் இறங்கிவிட்ட செய்தி ரேடியோவில் வந்தது. சாயங்காலமே எங்களுக்குத் தந்தி. ஜப்பானிய நாட்டவர் அனைவரையும், அவர்கள் மனைவி மக்களுடன், உடனே காவலில் எடுத்து மேலே அனுப்புக என்று உத்தரவு. நம்பி அதை இரண்டு தடவை படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். "மூணு பேருதானே? மனைவி மக்கள்னு ஏதும் இருக்கா?"

"கட்டம் காலி சார்" என்றேன். புத்தகப்படி அது உண்மை.

செவ்வாய்க்கிழமை காலை சுங்கப் படகில் புறப்பட்டோம். நம்பி, ஏட்டு சுடலைமுத்து, நான், துடுப்புப் போட நான்கு பேர். மழை விட்டு நாலைந்து நாள் ஆகியிருந்தது. கடல் தெளிந்து கிடந்தது. தீவில் மூவரும் இல்லை. ஒரு கப்பல் விட்டுப்போன நங்கூரத்தை எடுக்கக் கிழக்கே போயிருப்பதாக கலங்கரை விளக்கத்துக் காவல்காரர் சொன்னார். நம்பி தந்தியை மறுபடி எடுத்துப் பார்த்தார். "உடனேன்னு போட்டிருக்கான். போவோம்" என்றார். ஒன்றரை மணி நேரம் பாய் விரித்து ஓடிய பிறகு அவர்கள் தோணி தெரிந்தது.

என் வாழ்க்கையில் நான் பார்த்த காட்சிகளில் அதற்கு நிகராக எதையும் என்னால் சொல்ல முடியாது. தோணியின் நடுவில் காற்றுப் பம்பு. அதன் இரண்டு பக்கச் சக்கரங்களையும் தனாபே கிழவரும் ஒக்காதாவும் மாறாத வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். பம்பிலிருந்து ஒரு ரப்பர் குழாய் கடலுக்குள் போயிற்று. தோணி விளிம்பில் ஒரு வாலிபன் குந்தியிருந்தான். அவன் விரல்களுக்கு இடையே ஒரு கயிறு அதே கடலுக்குள் இறங்கியது. தண்ணீரின்மேல் கொப்புளங்கள் வந்து வெடித்தன. அவ்வளவுதான். பன்னிரண்டு பாகம், அதாவது எழுபது அடிக்கு மேல், கீழே, அந்தக் கொப்புளங்களின் மறுமுனையில், ஒரு ஆள்.

நம்பி படகிலிருந்தபடியே உத்தரவை வாசித்துத் தமிழில் சொன்னார். கிழவர் சக்கரத்தை நிறுத்தவில்லை. வேகம்கூடக் குறையவில்லை.

"கேட்டுதா பெரியவரே? உங்களக் கைது பண்ணியிருக்கு."

"கேட்டுது ஐயா" என்றார் தனாபே. "கை சோலியா இருக்கு. முடிஞ்ச பொறவு வாரேன்."

நம்பிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். கைது செய்யப்பட்ட இரண்டு பேர் மூன்றாமவருக்கு மூச்சு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். அவர்கள் கையை எடுத்தால் கீழே இருப்பவர் அங்கேயே முடிந்துவிடுவார். இதைவிட உறுதியான காவல் எந்த ஜெயிலிலும் இருக்க முடியாது என்று நினைத்துக்கொண்டேன்.

சுடலைமுத்துவுக்குப் பொறுமை இல்லை. எங்கள் படகைத் தோணியோடு சேர்த்துக் கட்டியதும் தாவி ஏறினார். "கீழ கெடக்கவன் சேதி தெரிஞ்சு எங்கயாவது நடந்தே போயிருவாம் சார். இந்தா, ஒரு இழுப்பு இழுத்தா வந்துட்டுப் போறாம்" என்று சொல்லிக்கொண்டே கயிற்றைப் பிடித்தார்.

விளிம்பில் இருந்த வாலிபன் திரும்பாமலே அவர் கையைப் பளீரென்று அடித்தான்.

"கைய எடும் ஓய்! ஆளக் கொல்லப் பாக்கீரா?"

"ஆருலே நீ? போலீசுக்காரன் கையவா தட்டுத?" சுடலைமுத்து லத்தியை ஓங்கிவிட்டார்.

அவன் கண்ணைக் கடலிலிருந்து எடுக்கவில்லை. ஆனால் குரல் எங்கள் படகில் துடுப்புக்காரர்களுக்கும் கேட்டது.

"நான் மச்சான். கீழ கெடக்கது எந் தங்கச்சி மாப்பிள்ள. கோயில்ல வச்சுத் தாலி கட்டுனவரு. இந்தக் கயித்த மச்சான் கையத் தவிர வேற கை தொடப்பிடாது. அந்தோனியார்மேல சத்தியம், தொட்டா ஒம்மக் கடல்ல தள்ளுவேன்."

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு சொல். எங்கள் கரையில் முத்துக்கோ சங்குக்கோ குளிப்பவன் தன் கயிற்றைத் தம்பியிடம் கொடுப்பதில்லை, அப்பனிடமும் கொடுப்பதில்லை. பெண்டாட்டியின் உடன்பிறந்தவனிடம்தான் கொடுப்பான். கயிறு விட்டால் அறுவது அவன் தங்கை தாலி என்பதால், அந்தக் கை அயராது. தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம் இது. தலைக்கூடும் பம்பும் வந்த பிறகும் மாறவில்லை. கயிறு பிடிக்கிறவனிடம் 'நீ யார்' என்று கேட்டால், பெயர் சொல்ல மாட்டான், 'மச்சான்' என்பான். அதுதான் அவன் உரிமைச் சீட்டு.

நம்பிக்கும் அந்த வழக்கம் தெரியும். "சுடலைமுத்து, கீழ எறங்கும்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். கைது சமயத்தில் யார் என்ன பேசினாலும் எழுத வேண்டும் என்பது அவர் விதி. பெயர்களையும் வயதையும் தனாபேயிடம் கேட்டு நான் பென்சிலில் எழுதினேன்: கயிறு பிடித்திருந்தவர் கஸ்பார், வயது இருபத்தாறு, கடலில் இருப்பவர் தன் தங்கை சலேத்தைக் கோயிலில் மணந்தவர் என்று கூறினார். எழுதி முடித்த பிறகுதான் என் கை நின்றது. நம்பியும் எழுத்தைப் பார்த்தார். மனைவி மக்களுடன் என்று தந்தியில் இருந்தது எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் நினைவு வந்திருக்க வேண்டும். அன்றைய சட்டப்படி, பிற நாட்டானை மணந்த பெண் அவன் நாட்டவள். அவள் எங்கே பிறந்தாள் என்பதற்குச் சட்டத்தில் மதிப்பில்லை.

ஒரு உயிரைக் காப்பாற்றச் சொன்ன ஒரே வார்த்தையில் கஸ்பார் தன் தங்கையை எதிரி நாட்டவளாக்கிவிட்டான். அவனுக்கு அது இன்னும் தெரியவில்லை.

அவன் இழுக்கத் தொடங்கினான். ஆழத்தில் வெகுநேரம் இருந்தவனைச் சட்டென்று தூக்கினால் இரத்தத்தில் காற்று நுரைத்துக் கைகால் விளங்காமல் போகும். நான் படித்துத் தெரிந்துகொண்டது வெகுகாலம் கழித்து. கஸ்பார் அன்றே அறிந்திருந்தான். நான்கு பாகம் தூக்குவான், நிறுத்துவான். கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டு ஒரு ஜெபமாலை முழுக்கச் சொல்லி முடிப்பான். மறுபடி தூக்குவான். அவனிடம் கடிகாரம் இல்லை. நம்பி தன் கடிகாரத்தை எடுத்து வைத்துப் பார்த்தார். முதல் ஜெபமாலை பதினேழு நிமிடம். இரண்டாவதும் பதினேழு. கிழவரின் சக்கரம் ஒரு சுற்றுக்கூடப் பிசகவில்லை. வெயில் ஏறியது. சுடலைமுத்துகூடத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

கடைசியில் செம்புத் தலை தண்ணீரைப் பிளந்துகொண்டு வந்தது. தூக்கி உட்கார வைத்துக் கண்ணாடியைத் திருகிக் கழற்றினார்கள். உள்ளே வியர்த்த முகம். "சங்கிலி கெடச்சிட்டு மச்சான்" என்றார் இசாமு. பிறகுதான் காக்கியைப் பார்த்தார்.

தீவுக்குத் திரும்பும்போது மதியம் கடந்திருந்தது. அவர்கள் சாமான்கள் வைத்திருந்த கொட்டகைக்குப் பக்கத்து ஓலை வீட்டு வாசலில் சலேத் நின்றாள். இடுப்பில் பத்து மாதப் பையன். இருபது, இருபத்தொரு வயது இருக்கும். போலீசைப் பார்த்தும் பதறவில்லை. "எல்லாரும் சாப்பிட்டாச்சா? கஞ்சிதான் இருக்கு" என்றாள்.

நம்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பொருள்களைப் பட்டியல் எடுக்கச் சொன்னார். அதற்கும் அவரிடம் ஒரு முறை இருந்தது. ஒவ்வொரு பொருளையும் தூக்கிக் காட்டி, அதற்குரியவர் அதன் பெயரைச் சொன்ன பிறகுதான் எழுத வேண்டும். தலைக்கூடு, ஈயச் செருப்பு, உளிகள், அரிசி மூட்டை, பையனின் தொட்டில் சேலை என்று எழுதிக்கொண்டே போனேன். ஒரு நோட்டுப் புத்தகம் வந்தது. இசாமு கீழே பார்த்ததையெல்லாம் பென்சிலால் வரைந்து வைத்திருந்தார். பார்கள் என்னும் கடலடிப் பாறைத் திட்டுகள், மணல் மேடுகள், ஒரு பழைய மரக்கலத்தின் விலா எலும்புகள், பாசிக் காடுகள். நான் பிறந்து வளர்ந்த ஊருக்கு முன்னால் இத்தனை காலமும் இப்படி ஒரு நாடு கிடந்திருக்கிறது. அதை எனக்குக் காட்டுவதற்கு எங்கிருந்தோ ஒரு ஆள் வரவேண்டியிருந்தது. அரக்கு முத்திரை வைத்து மேலே அனுப்பினோம். அந்த நோட்டு என்ன ஆயிற்று என்று பிற்பாடு மூன்று முறை எழுதிக் கேட்டேன். பதில் இல்லை.

பட்டியல் முடிந்ததும் நம்பி எல்லோரையும் உட்காரச் சொன்னார். நான் கடலில் எழுதியதை வாசித்துக் காட்டினேன். 'தங்கை சலேத்தைக் கோயிலில் மணந்தவர்' என்ற இடம் வந்ததும், நம்பி உத்தரவின் அந்த ஒரு வரியையும் தமிழில் சொன்னார்.

கஸ்பார் முதலில் புரியாமல் பார்த்தான். பிறகு எழுந்தேவிட்டான்.

"ஐயா, நான் கயித்துக்காகச் சொன்னேன். அந்த ஏட்டு இழுத்துருவாரேன்னு பதட்டத்துல சொன்னேன். பென்சில்தானே? அழிச்சிரும்."

"உக்காரும்வே."

"இவம் எனக்கு மச்சானே இல்ல. நான் கூலிக்கு வந்த ஆளு. போருமா? இப்பம் எழுதும்."

நம்பி இசாமுவைப் பார்த்தார். இசாமு மண்ணைப் பார்த்தபடி சொன்னார்: "கல்யாணம் இல்ல ஐயா. இந்தப் பொம்பள சமையலுக்கு வரும். எனக்கு யாரும் இல்ல."

சலேத் சட்டென்று நிமிர்ந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை.

"ஆங்! சமையக்காரியா?" என்றாள். "அப்பம் இது ஆரு பிள்ள? வலையில விழுந்துதா? கண்ணப் பாரு, மூக்கப் பாரு. ஊர்ல ஒரு பயகிட்டயாவது இந்த மூக்கு உண்டா? பொய் சொல்லுததுன்னாலும் ஒரு அளவு வேண்டாமாய்யா?"

தனாபே கிழவர் குனிந்துகொண்டு தோளைக் குலுக்கினார். சிரித்தாரா, அழுதாரா என்று எழுத முடியவில்லை. இசாமு தலையை நிமிர்த்தவேயில்லை.

நம்பி அவள் பக்கம் திரும்பினார். "தாயி, நல்லாக் கேட்டுக்க. அண்ணன் சொன்னத மாத்திச் சொல்லுதான். உன் வீட்டுக்காரரும் இல்லங்காரு. நீயும் இல்லன்னா நான் அத எழுதிட்டு இவங்க மூணு பேரோட போயிருவேன். கோயில் புஸ்தகத்தப் போயிப் பாருன்னு எனக்கு உத்தரவு இல்ல. ஆமான்னா நீயும் பிள்ளையும் இவரோட போகணும். எங்க வச்சிருப்பான், எத்தன நாளுன்னு எனக்கே தெரியாது. போன பொறவு திரும்பி வாரதுக்கு என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

சொல்லிவிட்டு எழுந்தார். "யோசிச்சுக்க. நான் கரையோரம் ஒரு நடை போயிட்டு வாரேன்." சுடலைமுத்துவையும் கூட்டிக்கொண்டு போனார். விசாரணைக்கு நடுவில் அவர் இடத்தைவிட்டு எழுந்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஏன் எழுந்தார் என்பது எனக்குப் புரியப் பல வருஷம் ஆயிற்று.

இனிமேல் சொல்லப்போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் சட்டைப் பையில் ஒரு ரப்பர் இருந்தது. கஸ்பார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் அந்த ரப்பரை எடுத்து, எழுதிய தாளின்மேல் வைத்து, பாயின் நடுவுக்குத் தள்ளினேன். நான் அழிக்கவில்லை. யார் அழித்தாலும் பார்க்கப்போவதில்லை என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அரசாங்க எழுத்தனாக நான் செய்த ஒரே குற்றம் அது. அதையும் அரைகுறையாகத்தான் செய்தேன்.

கஸ்பார் கையை நீட்டினான். அதற்குள் பையன் தவழ்ந்து போய் ரப்பரைப் பிடித்துவிட்டான். சலேத் அவன் விரலைப் பிரித்து அதை வாங்கினாள், சேலையில் துடைத்தாள், என்னிடம் நீட்டினாள்.

"பத்திரமா வச்சுக்கிடும் தம்பி. பிள்ள வாயில போட்டுரும்."

"அக்கா" என்றேன்.

"ஏளா, கிறுக்கு பிடிச்சிருக்கா ஒனக்கு?" கஸ்பார் குரல் உடைந்துவிட்டது. "நான் வாயத் தொறந்ததாலதான எல்லாம். அம்மைக்கு நான் என்ன பதிலு சொல்லுவேன்?"

"நீ வாயத் தொறக்கலன்னா இவிய இப்பம் இங்கன இருக்க மாட்டாவ. அதச் சொல்லு அம்மைட்ட." அவள் என் பக்கம் திரும்பினாள். "தம்பி, ஒரு சேதி கேக்கேன். இல்லன்னு எழுதுனா, நாளப்பின்ன இந்தப் பயலுக்கு அப்பன் பேர எந்தக் கட்டத்துல எழுதுவீய?"

பதிவேட்டின் அத்தனை கட்டங்களும் எனக்கு மனப்பாடம். அப்படி ஒரு கட்டம் கிடையாது.

இசாமு அப்போது முதல் முறையாக அவளைப் பார்த்துப் பேசினார். "அங்க கஷ்டம். நீ வராத."

"கடல்ல எறங்கயில என்னக் கேட்டா எறங்குனீரு? பேசாம இரும்."

நம்பி திரும்பி வந்தார். தாளைப் பார்த்தார், பென்சில் எழுத்து அப்படியே இருந்தது. என் முகத்தையும் ஒரு கணம் பார்த்தார். உட்கார்ந்து முறைப்படி கேட்டார். சலேத் ஒரே வரியில் பதில் சொன்னாள்: இன்னார் என் வீட்டுக்காரர், இது அவர் பிள்ளை. வாசித்துக் காட்டினேன். "சரி" என்றாள். நான் மையைத் தொட்டேன். மனைவி என்ற கட்டத்தில் அவள் பெயரையும், நாடு என்ற கட்டத்தில் 'ஜப்பான்' என்றும் எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று பெயர். அந்தப் பக்கத்தில் மட்டும் அது என் கையெழுத்துப்போல இருக்காது. அவள் கன்னியர் பள்ளிக்கூடத்தில் படித்தவள். பேனாவை வாங்கித் தன் பெயரை நிறுத்தி எழுதினாள்.

பிறகு நடந்தவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவர்களை வடக்கே டில்லிப் பக்கம் ஒரு பழைய கோட்டையிலும், பிறகு ராஜபுதனத்துப் பாலைவன முகாமிலும் வைத்திருந்தார்கள். மலாயாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கொண்டுவரப்பட்ட ஜப்பானியக் குடும்பங்களும் அங்கே இருந்தன. கஸ்பாருக்கு எப்போதாவது தணிக்கை முத்திரையோடு அஞ்சலட்டை வரும். பையன் நடக்கிறான், குளிர் அதிகம், சோறு கிடைக்கிறது. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு அன்று ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. எங்கள் ஊரில் பாதிப் பேர் சட்டிபானையோடு உள்நாட்டுக் கிராமங்களுக்கு ஓடினார்கள். தீவிலிருந்து ஜப்பான்காரன் வரைபடம் அனுப்பினான் என்று வதந்தி கிளம்பி, கஸ்பார் வீட்டில் கல் விழுந்தது. அவன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தான். போர் முடிந்தபின் முகாமைக் கலைத்து, அங்கிருந்தவர்களைக் கப்பலில் ஜப்பானுக்கு அனுப்பினார்கள். நான் மையில் எழுதிய அந்த ஒரு சொல்படி சலேத்தும் பிள்ளையும் போனார்கள். தாங்கள் ஒருநாளும் பார்த்திராத நாட்டுக்கு. கஸ்பாருக்கு அங்கிருந்து வந்த கடிதங்கள் சிலவற்றை நான் படித்துக் காட்டியிருக்கிறேன். ஒன்றிலும் அவள் வருந்தி எழுதியதில்லை. வருந்தவேயில்லை என்று நான் சொல்ல மாட்டேன். எழுதவில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

ரப்பர் விஷயம் தவிர மற்றதையெல்லாம் கேட்ட ஒரு நண்பர், "அறியாப் பெண், விளைவு தெரியாமல் செய்துவிட்டாள்" என்றார். அது சரியில்லை என்பதற்கு நான் ரயில் நிலையத்தில் கண்டதே சாட்சி.

கைதுக்கு மறுநாள், புதன்கிழமை காலை, மணியாச்சி வழியாக வண்டி. பிளாட்பாரத்தில் கடற்கரை சனம் கூடிவிட்டது. சலேத்தின் அம்மா மயங்கி விழுந்து, பெண்கள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று ஆண்களுக்கும் விலங்கு. இசாமு முந்தின நாளிலிருந்து ஒரு வாய் சோறு உண்ணவில்லை; எல்லார் முன்னாலும் அவளை மனைவி இல்லை என்று சொன்ன வெட்கம் அவரைத் தின்றுகொண்டிருந்தது. அவர் வண்டியில் ஏறும் முன் கஸ்பாரின் முன்னால் மண்டியிட்டு, விலங்கு மாட்டிய கைகளைத் தரையில் ஊன்றி, நெற்றி பிளாட்பாரத்தில் படக் குனிந்தார்.

"எந்திரியும் மச்சான்" என்று கஸ்பார் அவரை அள்ளித் தூக்கினான். "ஆளுவ பாக்காவ. எந்திரியும்."

சலேத் பெட்டிக்குள் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். அருகில் வந்து உட்கார்ந்த இசாமுவின் மடியில், கேட்காமலே, பையனைத் தூக்கி வைத்தாள். அவர் விலங்குக் கைகளால் அவனை வளைத்துக்கொண்டார்.

மேலிடத்திலிருந்து வந்திருந்த காவல் அதிகாரி என் பட்டியலை வாங்கி, ஜன்னலருகே நின்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக் குறியிட்டார். பெயரும் நாடும் சொல்வார். ஆள் பதில் சொல்ல வேண்டும். தனாபே, ஜப்பான். ஒக்காதா, ஜப்பான். இசாமு, ஜப்பான். மூவரும் சொன்னார்கள். 

"சலேத், ஜப்பான்."

பிளாட்பாரத்தில் ஒரு சலசலப்பு ஓடி அடங்கியது.

"நான் தூத்துக்குடி" என்றாள் சலேத்.

அதிகாரி தாளைத் திருப்பிப் பார்த்தார். "இதுல ஜப்பான்னுல்ல போட்டிருக்கு?"

"போட்டிருக்கட்டும் ஐயா. அந்தத் தம்பி எழுதுனது, நான் பாத்துத்தான் கையெழுத்துப் போட்டேன். நான் தூத்துக்குடிக்காரி. இவிய கூடப் போறேன். அம்புட்டுதான்."

அவர் நம்பியைப் பார்த்தார். நம்பி தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அதிகாரியின் பென்சில் சிறிது நேரம் தாளுக்கு மேலேயே நின்றது. பிறகு குறி எதுவும் இடாமல் அடுத்த வரிக்குப் போய், பையனின் பெயரைக் கூப்பிட்டார்.

சலேத் அப்பன் மடியிலிருந்த பிள்ளையின் கையைப் பிடித்து உயர்த்திக் காட்டினாள்.

"இந்தா இருக்கான்."